ஒருமுறை எழுதப்படும் பெயர்

வீட்டுக்கு எதற்கு நினைவாற்றல் என்று இலக்கிய நண்பர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. எங்கள் வீட்டுக்குள் அது ஆடம்பரமாக நுழையவில்லை. இரவில் பலமுறை எழுந்து நடக்கும் அப்பாவுக்காக, அவர் அறை வாசலில் ஓர் அசைவுணரியைப் பொருத்தினோம். அவர் எழுந்தால் நடைவிளக்கு தானே எரியும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் இயங்கிய ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் அதைப் பார்த்துக்கொண்டது. ஒவ்வோர் அசைவையும் குறித்தும் வைத்தது. இயல்பான அமைப்பில் அது 10 நாள் குறிப்புகளை மட்டுமே வைத்திருக்கும். மருத்துவர் முந்தைய மாதங்களின் கணக்கைக் கேட்டதால், அவ்வரம்பை இரண்டாண்டாக நீட்டினோம். 2023 பிப்ரவரியில் அப்பா காலமானார்.

குறிப்புகள் தங்கிய இடம் எஸ்க்யூலைட். 2000ஆம் ஆண்டில் டி. ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட இத்தரவுத்தளம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பழைய அமைப்பில் ஒவ்வொரு வரியிலும் உணரியின் பெயர் முழுமையாக எழுதப்பட்டது. நாளும் நேரமும் 26 எழுத்துகளை எடுத்துக்கொண்டன. இரண்டாண்டுக் குறிப்புகளால் கோப்பு பருத்தது. ஒரு வாரத்து வரைபடத்தைத் திறக்கவே காத்திருக்க நேர்ந்தது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த பதிப்புகள் இதனை மாற்றின. பெயர் தனி அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதப்படும்; ஏனைய வரிகளில் அதன் எண் நிற்கும். நேரம், 1970 முதல் எண்ணிய நொடிகளாக 8 பைட்டுகளுக்குள் சுருங்கும். சொல்லடைவு தொகுத்தவர்களுக்கு இம்முறை புதிதன்று: தலைச்சொல் ஒருமுறை, அடுத்துப் பாட்டெண்ணும் அடியெண்ணும்.

அவ்வாண்டு ஏப்ரலில் புதிய பதிப்புக்கு மாறினோம். வரிகள் சுருங்கியும் கோப்பு சிறுக்கவில்லை. காலியான இடத்தை எஸ்க்யூலைட் தன் பின்னாளைய தேவைக்கு வைத்துக்கொள்ளும். கோப்பையே புதிதாக எழுதச் செய்தால்தான் அவ்விடம் வெளியே வரும். அதற்கோ வட்டில் போதிய வெற்றிடம் வேண்டும். பழையவற்றை நீக்கிவிட்டுச் செய்தால் எளிது என்றான் தம்பி.

அங்கேதான் தயங்கினோம். எந்த வரியும் சுட்டாத பெயரை மென்பொருள் தானே அகற்றிவிடும். உணரியை முன்பே கழற்றிவிட்டோம். இனிப் புதிய வரி சேராது. கடைசி வரி அழிந்தால் 'அப்பா அறை' என்ற பெயரும் அழியும்.

அம்மாவிடம் கேட்டோம்.

"அந்த ராத்திரியெல்லாம் நானும்தான் முழிச்சிருந்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. மாடியில தூங்கினவங்க நீங்க, உங்களுக்கு வேணும்னா வச்சுக்குங்க" என்றார்.

வேண்டும் என்றே தோன்றியது. நிமிடத்துக்கு நிமிடம் பதிவான மின்னழுத்த அளவுகளை நீக்கினோம். பெரிய வட்டு ஒன்றை வாங்கிக் கோப்பைப் புதிதாக எழுதச் செய்தோம். அழிப்பு வரம்பை மேலும் நீட்டினோம். கோப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கியது. இப்போது அந்த வரைபடம் நொடியில் திறக்கிறது. அப்பா எழுந்த ஒவ்வோர் இரவிலும் அம்மாவும் எழுந்திருந்தார் என்பதை மட்டும் அது குறித்து வைக்கவில்லை. அவருக்கென்று அங்கே உணரி எதுவும் இருந்ததில்லை.