பிறைக் கவசத்தைத் தேடி

டோக்கியோவின் அகிஹபாரா ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கிறது ரேடியோ கைகான். மாடிக்கு மாடி அனிமே பொம்மைக் கடைகள். சில கடைகளில் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறார்கள். சேகரிப்பாளர்கள் தங்கள் பொம்மைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டி அதில் வைத்துவிட்டுப் போகலாம். அப்படியொரு பெட்டியில்தான் சாமுராய்ப் பிரபு தாத்தே மசமுனே நின்றுகொண்டிருந்தார்.

ஒரு சாண்கூட இல்லை. நீல மேலங்கி, வலது கண்ணில் கறுப்புப் பட்டை, விரலிடுக்குகளில் கைக்கு மூன்றாக ஆறு வாள். 2005-இல் காப்காம் வெளியிட்ட ‘செங்கோகு பசாரா’ விளையாட்டின் மசமுனே இவர். ஆறு வாள் வெறும் கற்பனை. தலைக்கவசத்துப் பொற்பிறைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு முனை நீளம், மறுமுனை குட்டை. அசலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறினேன். ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஆண்ட சென்டாய்.

நகர அருங்காட்சியகத்தில் அவருடைய கரிய கவசம் இருக்கிறது. பிறையில் அதே கோணல்! வலக்கையால் வாளை ஓங்கும்போது தட்டாமலிருக்க அந்தப் பக்கத்தைக் குறுக்கினார்களாம். போர்க்களத்தின் தேவை ஒன்று, 400 ஆண்டு தாண்டி பிளாஸ்டிக்கிலும் பிழைத்திருக்கிறது.

கண்பட்டையின் கதை வேறு. மசமுனே (1567–1636) சிறுவயதில் அம்மை கண்டு வலது கண்ணை இழந்தது உண்மை. ஆனால் அவர் பட்டை கட்டியதற்குச் சான்றில்லை. அதை மாட்டிவிட்டது திரை. 1987-இல் வந்த என்எச்கே தொலைக்காட்சித் தொடர் அதை ஊரெல்லாம் பரப்பியது. அவரோ, பெற்றோர் தந்த உடலில் குறை காட்டலாகாது என்று தன் உருவங்களுக்கு இரு கண்ணும் வைக்கச் சொன்னவர். சென்டாய்க் கோட்டை மேட்டில் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலைக்கும் இரண்டு கண்.

அவருடைய சமாதியான சுயிஹோதென்னுக்கு நெடிய சுகி (ஜப்பானிய தேவதாரு) மரங்களுக்கிடையே படியேற வேண்டும். 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனதை 1979-இல் மீண்டும் எழுப்பினார்கள். அதற்குமுன், 1974-இல் தோண்டியபோது கிடைத்த எலும்புகளைக் கொண்டு உயரம் 159.4 செ.மீ. என்று கணித்தார்கள். மண்டையோட்டை வைத்து முகத்தையும் வடித்திருக்கிறார்கள். அதன் எதிரே இளம்பெண்கள் சிலர் நெடுநேரம் நின்றார்கள். ஒருத்தியின் பையில் பசாரா மசமுனே தொங்கினார். பொம்மைகள் வரலாற்றைக் கெடுக்கின்றன என்பவர்கள் இங்கே வந்து பார்க்கவேண்டும். சென்டாய் இருக்கும் மியாகி மாநிலத்தின் 2009 ஆளுநர் தேர்தலில் வாக்களிக்க அழைக்கும் சுவரொட்டிக்கே இந்தப் பசாரா மசமுனேயைத்தான் பிடித்தார்கள்.

பட்டையில்லாத அந்த முகத்தோடு யாராவது ஒரு பொம்மை வார்க்கட்டும். எத்தனை யென் ஆனாலும் வாங்குவேன்.