சங்கிலியும் சான்றிதழும்

யாழ்ப்பாணத்தில் 'சேவையர்' என்றாற் காணி அளப்பவர் என்பதே பொருள். ஒரு காலத்திற் சங்கிலியோடும் தியடோலைற்றோடும் ஒழுங்கைக்குள் வந்தவர் இன்று செய்மதிக் கருவியோடு வருகின்றார். வேலியின் இருபுறமும் நிற்போர் அவரை நோக்கும் நோக்கு மட்டும் மாறவில்லை. ஆங்கிலேயர் வழக்கிலோ அச்சொல் அகன்ற பொருளது. காணியின் பெறுமதியை மதிப்பிடுவோரும் கட்டடச் செலவைக் கணிப்போரும் அதனுள் அடங்குவர். 1868இல் இலண்டனில் தோன்றி, 1881இல் அரச பட்டயம் பெற்று, இன்று ஆர். ஐ. சி. எஸ். என வழங்கும் நிறுவகம் இவர்கள் அனைவரையும் உறுப்பினராகக் கொள்வது. அதிற் சேரக் கல்வியாளர்க்கெனத் தனி வழியொன்றும் உண்டு.

களத்தில் உழைத்தவர் தம் களப்பணியைக் காட்டுவதுபோல, விரிவுரையாளர் தம் கற்பித்தலையும் ஆய்வையும் அனுபவமாகக் காட்டலாம் என்பதே அவ்வழியின் சாரம். பட்டம் மட்டும் போதாது. மதிப்பீட்டாளர் முன் தோன்றித் தம் பணியை விளக்கி, தொழில் ஒழுக்கம் உட்பட அவர்கள் வினவுவனவற்றுக்கு விடையிறுத்தல் வேண்டும்.

இலங்கையிலோ ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு முதல் இயங்குவது. இலங்கை நில அளவையாளர் நிறுவகம் 1982இற் பாராளுமன்றச் சட்டத்தாற் கூட்டிணைக்கப்பட்டது. ஆயினும் காணியை அளந்து வரைபடத்திற் கையொப்பமிடும் உரிமையை நிறுவக உறுப்புரிமை தருவதில்லை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டத்தின்கீழ் அமைந்த காணி அளவைச் சபையின் பதிவும் அனுமதிப்பத்திரமுமே அதனைத் தருவன. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பட்டதாரிகளிடையேயும் உளர்.

விரிவுரையாளர் எல்லைக்கல் நாட்ட வேண்டியவரல்லர். அவ்வாறாயின் உறுப்புரிமை அவர்க்கு எதற்கு? வலிகாமம் வடக்கை எண்ணிப் பார்த்தல் தகும். 1990இல் மக்கள் வெளியேறியபின் உயர் பாதுகாப்பு வலயமாகிய அப்பகுதியின் காணிகள், போர் முடிந்தபின்னர் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் பலர் கண்டது பற்றைக்காடு. கிளுவை வேலி இல்லை, பூவரசு இல்லை. உறுதியை விரித்தால் எல்லைகள் அயலவர் பெயராற் கூறப்பட்டிருக்கும். அவ்வயலவரோ இறந்தனர், அன்றேல் புலம்பெயர்ந்தனர். அளவு பரப்புக் கணக்கில் இருக்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதன்மேற் பங்குக்கிணற்றில் உரிமை, வழி வாய்க்கால் உரிமை என்றும் எழுதப்பட்டிருக்கும். தூர்ந்துபோன கிணற்றின் பங்கை எந்தச் செய்மதி காட்டும்?

இங்கு 1707இற் சட்டமாகிய தேசவழமையும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பும் சீதனத்தாற் காணி துண்டான வரலாறும் தெரிந்தவர் துணை வேண்டும். அத்தகையோர் கலைப்பீடங்களிலே உளர். புவியியல் மாணவர் கணினித் திரையில் வரையும் கோடு நேர்த்தியானதே; ஆனால் அக்கோடு ஓரிடத்தில் ஏன் வளைகின்றது என்பதைக் களத்தில் நின்றவரே அறிவார். அறிந்த இவ்விரு சாராரும் ஓரவையில் அமர்வது அரிது. உறுப்புரிமை அவ்வவையில் ஓர் இருக்கையைத் தரும். பின்னால் வரும் மாணவர்க்கும் அதனால் வாயில் திறக்கும்.

கற்பித்தலை அனுபவமாக ஏற்பது தொழிலின் தரத்தைத் தளர்த்தாதா என மூத்த அளவையாளர் கேட்பாராயின், அக்கேள்வி முறையானதே. அவர் கோடு பிழைத்தால் மல்லாகம் நீதிமன்றத்தில் நிற்க நேரும். விரிவுரை பிழைத்தால் யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. ஆதலின் நேர்முகத் தேர்வு கடுமையாயிருத்தலே நன்று. நூல்களின் பட்டியலைப் பார்த்து உறுப்புரிமை வழங்குவதாயின் அது வெறும் மாலை மரியாதையாகிவிடும்.

அவ்வழியை நாடும் யாழ்ப்பாண விரிவுரையாளர் இலண்டன் உதாரணங்களை இரவல் வாங்க வேண்டியதில்லை. ஒரே கிராமத்தின் பழைய உறுதிகளையும் வரைபடங்களையும் ஒப்புநோக்கிய ஆய்வொன்றே போதும். எட்டுப் பேருக்குரிய கிணற்றைச் சில நிமிடங்களில் மதிப்பீட்டாளர்க்கு விளக்குவதுதான் சற்றுக் கடினம். இங்கே அதற்கு இரண்டு தலைமுறை வழக்குகளும் போதாமற் போவதுண்டு.