புல்லு வெள்ளாமை

போன வைகாசியில மூணு வாரம் ஜெர்மனியில மகன் வீட்ல இருந்தேன். அவனுக்கு வால்டோர்ஃப்ல சாஃப்ட்வேர் வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை, "வாங்கப்பா, உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணைக் காட்டறேன்"னு கூட்டிட்டுப் போனான்.

பக்கத்துல சாங்க்ட் லியோன்-ரோட்னு ஊரு. எஸ்ஏபி கம்பெனியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான டீட்மர் ஹோப் உருவாக்கின கோல்ஃப் மைதானம் அங்க இருக்கு. டைகர் வுட்ஸ் 1999, 2001, 2002ன்னு மூணு தடவை இங்க ஜெயிச்சிருக்காராம். ஆட்டம் எனக்குப் புரியல. 18 குழி, ஒவ்வொண்ணும் 4.25 அங்குல அகலம், அதுல பந்தைத் தள்ளணும். அதுக்குப் போய் 100 ஏக்கருக்கு மேல நிலம்.

ஆனா புல்லு! வழி நெடுக மரம், நடுவுல குளம், மத்ததெல்லாம் புல்லு. குழியைச் சுத்தி 3, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, பாய் விரிச்ச மாதிரி வச்சிருக்காங்க. மண்ணு இறுகிப் போகும்னு மெஷின்ல பொடிப்பொடியா ஓட்டை போட்டு, அதுல மணல் தள்ளறாங்க. வேருக்குக் காத்து போகணுமாம். எனக்கு 58 வயசு ஆகுது. அதுல பாதி அருகையும் கோரையையும் தோண்டிப் போட்டே போச்சு. சூடான நாடுகள்ல இந்த ஆட்டத்துக்கு நம்ம அருகம்புல்லோட ஒட்டு ரகத்தைத்தான் வளர்க்கறாங்கன்னு மகன் சொன்னப்ப சிரிப்பு வந்துருச்சு.

திரும்பி வர்ற வழியிலதான் எனக்குப் பிடிச்சது இருந்துச்சு. அந்தப் பக்கம் மணல் பூமி. உயரமா பார் போட்டு, மேல பிளாஸ்டிக் ஷீட் மூடியிருந்தாங்க. உள்ளே வெள்ளை அஸ்பாரகஸ், அவங்க பாஷையில ஷ்பார்கல். வெயில் படாம மண்ணுக்குள்ளயே வளர்றதாலதான் அந்த வெள்ளை. ஒரு தடவை நட்டா நல்லா வெட்டறதுக்கு மூணு வருஷம் பொறுக்கணும், அப்புறம் பத்து வருஷம் போல பலன். ஜூன் 24 வந்தா வெட்டறதை நிறுத்திடறாங்க. செடி தழைஞ்சு அடுத்த வருஷத்துக்கு வேர்ல சேத்து வைக்கணும் இல்லைங்களா! குனிஞ்சு ஒவ்வொரு குருத்தா கையிலதான் வெட்டணும். அதுக்கு ருமேனியா, போலந்துல இருந்து ஆள் வர்றாங்க. அங்கயும் உள்ளூர் ஆள் கிடைக்கிறதில்லை.

அப்பத்தான் மகன் மெதுவா ஆரம்பிச்சான். "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுருங்கப்பா. நீங்களும் அம்மாவும் வருஷம் மூணு மாசம் இங்க வந்து இருங்க."

"இவ்வளவு புல்லுக்குத் தண்ணி எங்கிருந்துடா எடுக்கறாங்க?"ன்னு கேட்டேன். அவன் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, அதுக்கு மேல அந்தப் பேச்சை எடுக்கல.

ராத்திரி வீட்டுக்காரி ஃபோன் பண்ணினா. "ஏனுங்க, குச்சிக்கிழங்குல கோரை முட்டளவு வந்துருச்சு. களைக்கு ஒரு ஆளும் வரமாட்டேங்கறாங்க. எப்ப வர்றீங்க?"

"புதன்கிழமை"ன்னேன். மகன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்.