தரங்கம்பாடியில் ஒரு வெள்ளிக்கிழமை

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எம்போன்றோருக்கு வாரத்தில் கிடைக்கும் ஓய்வு நாள் வெள்ளிக்கிழமைதான். தரங்கம்பாடியைப் பார்க்கவேண்டும் என்ற நெடுநாள் ஆவலை நிறைவேற்றிக்கொள்ள, அப்படியொரு வெள்ளிக்கிழமை காலையில் மயிலாடுதுறையில் பேருந்து ஏறினேன். செம்பனார்கோயில், ஆக்கூர் கடந்து திருக்கடையூர் வந்ததும், அறுபதாம் கல்யாணத்திற்கு வந்திருந்த கூட்டம் இறங்கிக்கொள்ள, பேருந்து பாதிக்குமேல் காலியாயிற்று.

டேனிஷ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்திற்கும் வெள்ளிக்கிழமையே விடுமுறை என்பதை, வாயிலில் போய் நின்ற பிறகே அறிந்தேன். முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவே நன்மையாய் முடிந்தது. கோட்டை திறந்திருந்தால் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன். பூட்டியிருந்ததால் ஊரைப் பார்த்தேன்.

டேனிஷ்காரர்கள் வருமுன்பே இவ்வூர் இருந்தது. குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அதற்குச் சான்று. அதன் முன்பகுதியைக் கடல் சிறுகச் சிறுகக் கொண்டுபோயிற்று. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ் வணிகர்கள் இங்கே கோட்டை கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு அச்சகம் நிறுவினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறியது. அச்சுக்குக் காகிதம் செய்த இடத்தை இன்றும் பொறையாறு அருகே கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நினைவூட்டுகிறது.

இத்தனை சிறப்பும் ஓர் ஊருக்கு நிரந்தரமாய் நிற்கவில்லை. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனி வாங்கியது. சில காலம் தஞ்சை ஜில்லாவின் தலைமையிடமாகவும் இவ்வூர் விளங்கியது. பின்னர் கலெக்டர் கச்சேரி தஞ்சைக்குப் போயிற்று. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கியதும், கப்பலும் சரக்கும் அந்தத் துறைமுகத்தை நாடின. தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து கிளைப்பாதை வந்தபோது ஆண்டு 1926. அதுவும் 1980களில் நிறுத்தப்பட்டது.

கோட்டை நகருக்குள் இருக்கும் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, முதியவர் ஒருவர் ஸலாம் கூறித் தம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துச் சென்றார்.

"நான் மாயவரத்துக் கடைக்கு ரயில்லதான் போய் வந்தேன், ஹஜ்ரத். காலையில போனா ராத்திரி வீட்டுல சாப்பாடு. இப்ப என் மகன் திருப்பூர்லயே தங்கிட்டான். பெருநாளைக்கு வருவான், மூணாம் நாள் கிளம்பிடுவான்" என்றார்.

அவருடைய வீட்டில் முன்கூடத்தின் தளம் ஒரு மூலையில் இறங்கியிருந்தது. மரக்கட்டையொன்றை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். "இதைச் சரியா செய்யணும்னா சுண்ணாம்பு அரைச்சுக் கட்டத் தெரிஞ்ச கொத்தனார் வேணும். அவங்க கிடைக்கிறதில்ல. கிடைச்சாலும் கூலி கட்டுப்படி ஆகாது. இடிச்சுட்டு சிமெண்டுல கட்டலாம்னா, அனுமதிக்கு அலையணும்" என்றார். கடலோரத்தில் 500 மீட்டர் வரையிலான நிலத்தில் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தும் விதி 1991 முதல் நடைமுறையில் இருந்துவருகிறது. கடற்கரையைக் காக்க அவ்விதி தேவைதான். பழைய வீட்டில் வாழும் எளியவருக்கு அதன்வழி நடக்க வழிகாட்டும் துணையும் தேவையல்லவா?

அதே ஊரில் பழுதுபார்க்கப்பட்ட கட்டடங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. அதன்பின் உதவிகள் வந்தன. டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் நம் நாட்டு மரபுக் காப்பு அமைப்பினரும் முயன்று, ஆளுநர் மாளிகையையும் வேறு சில வீடுகளையும் பழைய முறைப்படி சீர்செய்தனர். கடலை நோக்கிய பழைய பங்களா ஒன்று விடுதியாகியுள்ளது. 1792இல் கட்டிய நகர வாயில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. இவை யாவும் பாராட்டத் தக்கவையே. இல்லாவிட்டால் எஞ்சியதும் மண்ணாகியிருக்கும். ஆனால் கட்டடத்தைக் காப்பது வேறு, அதில் குடியிருப்பவரைக் காப்பது வேறு என்பதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

மாலையில் கடற்கரைக்குப் போனேன். கருங்கல் அணைப்பின் அருகே வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம், "சுற்றுலாக்காரர்கள் வருவதால் உங்களுக்கு வரும்படி உண்டா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அவங்க வர்ற மாசம் வேற, எங்க மாசம் வேற பாய். மே மாசம் பள்ளிக்கூட லீவுல கூட்டம் வரும். அப்ப எங்களுக்குத் தடைக்காலம். கரையில மீனே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில மழையும் புயலும். கடலுக்கும் போக முடியாது, வெளியூர்க்காரங்களும் வரமாட்டாங்க."

சுற்றுலாவைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்தச் செய்தி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீன்வளம் பெருக அத்தடை அவசியம். ஆனால் ஊருக்குக் கூட்டம் வரும் நாள்களில் ஊரின் முதற்தொழில் முடங்கிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே நின்றுபோகின்றன. விருந்தாளியின் பருவத்தை நம்பி வீட்டுக்காரர் உலை வைக்க முடியுமா?

எனவே இத்தகைய ஊருக்கு உயிரூட்ட நினைப்பவர்கள், பன்னிரண்டு மாதமும் அங்கே இருப்பவரிடமிருந்து தொடங்கவேண்டும். மீன் பதனிடும் தொழிலும், மீனைக் கெடாமல் வைக்கும் குளிர்ப்பதன வசதியும் உள்ளூரிலேயே பெருகினால், மீனின் விலையில் ஒரு பங்கு ஊரில் தங்கும். துறைமுக வேலை அண்மை ஆண்டுகளில் நடந்திருப்பது நல்ல தொடக்கம். உள்ளூர் இளைஞர்களுக்குச் சுண்ணாம்புக் கட்டுவேலையைக் கற்பித்தால் கூலியும் கிடைக்கும். பெரியவருடைய தளமும் நிமிரும். பழைய இரயில் பாதையை மீண்டும் போடக் கோரி மக்கள் பல்லாண்டுகளாகக் குரல் எழுப்புகிறார்கள். அது வந்தால் மயிலாடுதுறையில் வேலை பார்ப்பவர் இரவில் தம் வீட்டிலேயே உறங்கலாம். சுற்றுலா இவற்றோடு சேர்ந்து வரட்டும். இவற்றுக்குப் பதிலாக அன்று.

இதைத் தரங்கம்பாடியின் கதை என்று மட்டும் வாசகர்கள் எண்ணவேண்டாம். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை என்று நம் கடற்கரை ஊர்களிலும், வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன? நோன்பு மாதத்திலும் விடுமுறையிலும் விளக்கெரியும். மற்ற நாள்களில் முதியவர் ஒருவரோ, காவலுக்கு ஒருவரோ மட்டும் இருப்பார். அங்கே சுவர்கள் புதியவை, இங்கே பழையவை. வேற்றுமை அவ்வளவே.

தரங்கம்பாடி என்றால் பாடும் அலைகளின் ஊர் என்று சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் 'பாடி' என்பதற்குக் குடியிருப்பு என்றும் பொருள். அலைகளின் ஓரத்தில் மக்கள் குடியிருக்கும் இடம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மக்கள் போய்விட்டால் தரங்கம் மட்டுமே மிஞ்சும், பாடி இருக்காது.

மஃரிபுக்குப் பின் பேருந்து நிறுத்தம்வரை அந்தப் பெரியவரே வந்து வழியனுப்பினார். "அடுத்த முறை சனிக்கிழமை வாங்க ஹஜ்ரத், கோட்டையும் திறந்திருக்கும்" என்றார். இன்ஷா அல்லாஹ் வருகிறேன் என்றேன். ஆனால் நான் மீண்டும் செல்வது கோட்டைக்காக இராது. முட்டுக்கொடுத்த அந்தத் தளம் சீராகிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே இருக்கும்.