ஒலியைக் குறைத்தபோது

பதினைந்து ஆண்டுகள் ராக் இசைக் குழுக்களில் கிட்டார் வாசித்துவிட்டு, லண்டனில் பதினேழு பேர் கொண்ட ஜாஸ் பெருங்குழு ஒன்றில் நாம் சேர்ந்தோம். முதல் ஒத்திகையில் நமக்குக் கிடைத்த கட்டளை ஒன்றே: ஆம்பிளிஃபயரின் ஒலியைக் குறையுங்கள். குறைத்தோம். மீண்டும் அதே கட்டளை. வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்னே வைத்த தாளிலோ சுரக்கூட்டுகளின் பெயர்களும் சாய்கோடுகளும் மட்டுமே. ஒரே கூட்டை நெடுநேரம் அதிரவிட்டுப் பழகிய கை, இரண்டு அடிக்கொருமுறை மாறச் சொன்னதும் தடுமாறிற்று.

அதன் பின்னரே கவுண்ட் பேஸி குழுவின் ஃப்ரெடி கிரீனைச் செவிமடுக்கலானோம். 1937-இல் சேர்ந்தவர், 1987-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், அக்குழுவோடு வாழ்ந்தவர். மின்சாரம் சேராத கிட்டார்; அளவுக்கு நான்கு வீச்சு; கூட்டுக்கு இரண்டு மூன்று சுரங்கள்; தனிவாசிப்போ மிக அரிது. இசைத்தட்டில் தேடினால் அவர் எளிதில் அகப்படமாட்டார். பாஸ், டிரம் ஓசைக்குள் கரைந்திருப்பார். ராக் மேடையில் இதைத் தோல்வி என்றே நாம் சொல்லியிருப்போம்.

தொழுகையின் ஸஃபில் தோளோடு தோள் ஒட்டி நிற்கச் சிறுவயதிலேயே பழகியவர்கள் நாம். இசையில் அப்படி நிற்க இரண்டாண்டுகள் பிடித்தன. இன்றும் டிரம்பெட்டுகள் முழங்கத் தொடங்கினால், விரல் தானாகவே ஆம்பிளிஃபயரின் திருகை நாடுகிறது.