குதிரையேறி வந்தவர் யார்?

ராவுத்தர், மரக்காயர், லெப்பை என்று நம் பெயர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள் கல்யாணப் பத்திரிகையில் அழகாகத்தான் அமைகின்றன. ஆனால் சம்பந்தம் பேசும் இடத்தில் அவையே சில வேளைகளில் கதவை அடைத்துவிடுகின்றன. சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு கதவு அடைபடவிருந்தது. எங்கள் பெயரின் மூலத்தைத் தேட நேர்ந்தது அதனால்தான்.

சாத்தூரில் எங்கள் குடும்பம் நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறது. அதற்கு முன்னர் எங்கே இருந்தோம் என்று என் அத்தாவின் மூத்த சகோதரரான பெரியத்தாவைக் கேட்டால், சற்றும் தயங்காமல் விடை கிடைக்கும். "நாம் குதிரைப்படை வம்சம், துருக்கியிலிருந்து வந்தவர்கள்" என்பார்கள். எந்தத் துருக்கி, எந்தப் படை, எந்த ஆண்டு என்று யாரும் கேட்டதில்லை.

பெரியத்தாவின் பேத்தியைக் கேட்டு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவன், ஐவேளைத் தொழுகையாளி. பெண்ணுக்கும் அவள் பெற்றோருக்கும் சம்மதம். இதற்கிடையில் பையனின் முப்பாட்டனார் பஞ்சுக்கொட்டி என்று யாரோ வந்து சொல்ல, பெரியத்தா பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதோடு விடாமல், மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன், கல்லூரியில் வரலாறு படித்தவன் என்ற உரிமையில், "நம் வம்சாவழியை எழுதிக்கொடு, அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்" என்று என்னைப் பணித்தார்கள்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கினேன். ராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்பது உண்மையே. வடமொழியின் ராஜபுத்திர என்ற சொல் திரிந்து, கன்னடத்திலும் தெலுங்கிலும் புழங்கித் தமிழுக்கு வந்ததாக அறிஞர் கூறுவர். ஆனால் அச்சொல் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே இராவுத்தன் என்று விளித்திருக்கிறார். அந்நாளில் அது ஒரு வீரப்பட்டம். குலத்தையோ நாட்டையோ அது குறிக்கவில்லை.

குதிரைகள் இந்நாட்டுக்குக் கடல்வழி வந்ததற்கும் சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து அரபு வணிகர்கள் ஆண்டுதோறும் குதிரைகளைக் கொண்டுவந்ததை எழுதியிருக்கிறார். 15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் இரண்டாம் தேவராயர் தம் படையில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துக்கொண்டதும் வரலாறு. குதிரையோடு சிலர் வந்திருப்பர். இங்கேயே பிறந்து இஸ்லாத்தைத் தழுவிக் குதிரையேறியவர் பலர் இருந்திருப்பர். இவர்களில் எங்கள் மூதாதை யார் என்பதற்கு அந்தச் சொல்லில் விடை இல்லை.

மற்றப் பெயர்களின் நிலையும் இதுவே. மரக்காயர் என்பதை மரக்கலத்தோடு இணைப்பவரும் உண்டு. 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லோடு இணைப்பவரும் உண்டு. லெப்பை என்பது 'லப்பைக்' என்பதிலிருந்து வந்தது என்பர் சிலர். 'அரபி' என்பதன் திரிபு என்பர் வேறு சிலர். சில ஊர்களில் பள்ளிவாசல் பணியும் ஓதிக்கொடுக்கும் பணியும் செய்பவரையே லெப்பை என அழைப்பர். அரசுப் பட்டியலோ இந்தச் சிக்கலை ஒரே வரியில் முடித்துவிட்டது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான ஏழு இனங்களில், ராவுத்தரும் மரக்காயரும் லெப்பை என்ற தலைப்புக்குள்ளேயே அடங்குகின்றனர். 2007ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 3.5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்காகச் சான்றிதழ் வாங்கிய எங்கள் பிள்ளைகள், வீட்டில் ராவுத்தர், தாலுகா அலுவலகத்தில் லெப்பை! அதே பட்டியலில் துதேகுலா என்றும் ஓர் இனம் உண்டு. தெலுங்கில் 'தூதி' என்றால் பஞ்சு. பஞ்சுக்கொட்டிகள் என்று நாம் சொல்வது அவர்களைத்தான்.

ஆவணங்களைத் தேடப் புகுந்தால் ஊரே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. 1910 வரை சாத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பின்னர் இராமநாதபுரத்தில், 1985இல் காமராசர் மாவட்டத்தில், இன்று விருதுநகர் மாவட்டத்தில். குடும்பப் பெயரைக் கொண்டு தேடவும் வழியில்லை. நமக்கு அத்தாவின் பெயரே தலைப்பெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். 2022இல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளில் அமீரகத்துக்குச் சுற்றுலா விசாவில் போக முடியாது என்று அறிவிப்பு வந்தபோது, நம் வீடுகளில் எழுந்த பரபரப்பை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் வளர்ப்புப் பிள்ளையைக்கூட அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று ஜைது (ரலி) அவர்கள் விஷயத்தில் இறங்கிய கட்டளையைப் பின்பற்றி வந்த வழக்கம் இது. அதில் குறை காண எனக்கு மனமில்லை.

எஞ்சியது எங்கள் மஹல்லாவின் பழைய நிக்காஹ் தஃப்தர். ஆரம்ப ஏடுகள் அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. மணமகன் இன்னாரின் மகன், மணமகள் இன்னாரின் மகள், மஹர் இவ்வளவு, சாட்சிகள் இருவர் என்று ஒவ்வொரு நிக்காஹும் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும். வாய்வழி வம்சாவழியில் ஆண்களை மட்டுமே சொல்லிக்கொண்டு போவோம். தஃப்தரிலோ ஒவ்வொரு பெண்ணும் தன் தந்தையின் பெயரோடு நிற்கிறாள். ஹிஜ்ரி 1334ஆம் ஆண்டுப் பக்கத்தில் என் பூட்டனாரின் நிக்காஹ் பதிவாகியிருக்கக் கண்டேன். மணமகளின் தந்தை பெயருக்கு முன்னால், எழுத்து மங்காமல், "பஞ்சுக்கொட்டி" என்று இருந்தது. அந்த மணமகள் பெரியத்தாவைப் பெற்றவரின் தாயார்.

எழுதியதை அப்படியே கொண்டுபோய்ப் படித்தேன். "அது வேறு ஆளாக இருக்கும்" என்றார்கள் பெரியத்தா. உள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "வேறு ஆள் இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பரணில் பஞ்சடிக்கும் வில் கிடந்தது. அது தன் மாமியார் வீட்டு வில் என்று மாமி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்." வீட்டுப் பெண்களுக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

பெரியத்தா விடவில்லை. மார்க்கத்தில் குஃப்வு பார்க்கச் சொல்லவில்லையா என்றார்கள். நியாயமான கேள்விதான். நம் ஹனஃபி நூல்களில் திருமணப் பொருத்தம் பற்றிய பாடம் உண்டு. நஸபும் தொழிலும் அதில் பேசப்படுகின்றன. ஆனால் கி.பி. 1197இல் மறைந்த மர்கீனானீ அவர்களின் ஹிதாயாவிலேயே, நஸபுப் பொருத்தம் அரபிகளிடையே பார்க்கப்படுவது என்றும், அரபியரல்லாதோர் தம் வம்சாவழிகளைத் தொலைத்துவிட்டவர்கள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. தொலைத்துவிட்டோம் என்று நம் சட்ட நூலே எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்ததை, நாம் குதிரையேறித் தேடிக்கொண்டிருக்கிறோம்! தொழில் விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அந்த இமாம்களின் பெயர்களையே பாருங்கள். 9ஆம் நூற்றாண்டின் ஹனஃபி சட்ட மேதை கஸ்ஸாஃப். அப்பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். 981இல் மறைந்த ஜஸ்ஸாஸ் என்பவரின் பெயர் சுண்ணாம்புச் சாந்தோடு தொடர்புடையது. நான் நாள்தோறும் பாடம் நடத்தும் குதூரியின் ஆசிரியர் பெயரைப் பானைத் தொழிலோடு இணைத்துச் சொல்வாரும் உண்டு. ஹல்லாஜ் என்றாலோ பஞ்சு கடைபவர், அதாவது நம் பஞ்சுக்கொட்டியேதான். பாக்தாதில் தொழிற்பெயரைச் சூடிக்கொண்டு பள்ளியில் பாடம் நடத்தினார்கள். நம் கரிசல் சீமையில், பருத்தி விளைந்து மக்களுக்குச் சோறு போட்ட மண்ணில், பஞ்சு கொட்டியதை மறைக்க வேண்டியிருக்கிறது.

ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் நடந்தது. பெரியத்தா வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்கள், துஆவுக்குக் கையேந்தினார்கள், விருந்துக்கு இருக்கவில்லை. என்னோடு பேசத் தொடங்கியது இரண்டு மாதங்கள் கழித்துத்தான்.

வம்சாவழியில் பெண்களின் பெயர்களையும் சேர்த்தே எழுதிக்கொடுத்திருக்கிறேன். பூட்டனாருக்கு மேலே ஒரு பெயரும் இல்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். தஃப்தரின் பழைய ஏடுகளைப் பூச்சி அரித்துவருகிறது. அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவர்களோ ஊரில் சிலரே. முத்தவல்லியின் அனுமதி பெற்று, ஜும்ஆவுக்குப் பின் மாணவர் இருவரை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதி வருகிறோம். முதல் ஏட்டில் நாற்பது பக்கங்கள் முடிந்திருக்கின்றன.