ஐந்து மூட்டுகள்

1978இல் கென்னர் கம்பெனி அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பிய 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளின் உயரம் 3¾ அங்குலம். கழுத்து, இரு தோள், இரு இடுப்பு. அசைய ஐந்தே இடங்கள். முழங்கால் மடங்காது. முகமென்று சில புள்ளிகள், ஒரு கோடு. (1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகாததால், பிறகு அனுப்புவதாகச் சொல்லும் சீட்டை ஓர் அட்டை உறையில் வைத்து விற்றார்கள். பாங்கில் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இது பிராமிசரி நோட்டு. விமர்சகனுக்குத் தோன்றுகிற பெயர் வேறு.)

ஹாஸ்ப்ரோ 2013இல் தொடங்கிய 'பிளாக் சீரிஸ்' 6 அங்குலம். முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் திரும்பும். பின்னால் வந்தவற்றில் நடிகரின் முகமே அச்சாகிவிட்டது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் முகம் இவ்வளவு தீர்மானமாக வந்துவிட்ட பிறகு, என் பையன் அதற்கு வேறு பெயரே வைப்பதில்லை. பழைய விறைத்த பொம்மையைப் போன வாரம் கண்டக்டராக்கினான். அதற்கு முந்தின வாரம் அது என் மானேஜர்.

இதனால் நான் பழசின் பக்தன் என்று கொள்ள வேண்டாம். அட்டையைப் பிரிக்காமலே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து 100க்கு இத்தனை என்று மார்க் வாங்குகிற சேகரிப்பாளர்களோடு எனக்குப் பேச எதுவுமில்லை. அவர்கள் சேகரிப்பது அட்டை. என்னிடம் இருப்பவை நாலு. மூன்றில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. நாலாவதன் கையில், எந்த ஊர்க் குழந்தையோ கடித்த பல் தடம்.